விற்றமின் ஹாஜியார்

பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் தும்மிவிட்டு 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்வதற்குள், ஹாஜியாரின் விரல் இடுப்புப் பச்சைவாரின் பொத்தானுக்குப் போய்விடும். 'யர்ஹமுகல்லாஹ்' என்ற பதிலும் ஒரு விற்றமின் சீ குளிசையும் ஒன்றாகவே வந்து சேரும். மற்றவர்கள் அந்த வார்ப்பையில் காசு வைப்பார்கள். இவருடையதைத் தட்டினால் கிலுகிலுக்கும்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் புடவைக்கடை முதலாளி, மகன் கட்டாரில். மகன் அனுப்பும் பெட்டியில் மீனெண்ணெய் வரும். கரைவலையில் சூடையும் கீரியும் துள்ளும் கடற்கரைக்கு, கடல் கடந்து வரும் மீனெண்ணெய்! விற்றமின் டீ குளிசையை அவர் நடுப்பகலில் குடைக்குக் கீழே நின்று விழுங்குவார். வெயில் உடம்புக்கு ஆகாதாம்.

அவருடைய வைத்தியத்துக்குத் தோல்வியே கிடையாது. தடிமன் மாறினால் குளிசை மாற்றியது. நெஞ்சுச்சளியாகி ஆஸ்பத்திரியில் படுத்தால், "ரெண்டு நாள் பிந்திப் போட்டுட்டான்."

2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட, தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்காகக் கேகாலையில் சனம் முண்டியடித்தது. அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கு அடுத்த மாதமே கொரோனா. நாடே சிரித்தது. ஹாஜியார் மட்டும் அனுதாபப்பட்டார்: "வெறும் பாணியக் குடிச்சா? கூட சிங்க் போட்டிரிக்கணும்."

தங்கச்சியின் மகன் மருத்துவபீடத்தில் படிக்கிறான். லீவில் வந்தவனிடம் ஹாஜியார் லைனஸ் பாலிங்கை எடுத்துவிட்டார். தடிமனுக்கு விற்றமின் சீ என்று 1970இல் புத்தகமே எழுதியவர்.

"ரெண்டு நோபல் பரிசு எடுத்த மனிசன், மருமகன்!"

"ஒண்டு இரசாயனத்துக்கு, மற்றது சமாதானத்துக்கு, மாமா. தடிமனுக்கு இல்ல."

நாள் தவறாமல் போடுகிற பெரியவர்களுக்குத் தடிமன் ஏறக்குறைய 8 சதவீதம் சீக்கிரம் மாறும், தும்மின பிறகு தொடங்கினால் நம்பும்படியான பலன் இல்லை என்று 2013 ஆய்வுத் தொகுப்பைச் சொன்னான். பச்சைவார் ஒருகணம் கிலுகிலுக்காமல் இருந்தது.

பையன் நேர்மையானவன். சின்னமுத்து வந்த பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ கொடுக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனமே என்பதையும் ஒப்புக்கொண்டான். "பாத்தியா!" என்று ஹாஜியார் நிமிர்ந்தார். அது சின்னமுத்துவுக்கு, டொக்டர் அளந்து கொடுப்பது என்ற மிச்சப் பாதி காதில் விழவில்லை.

கடைசியாக நோர்வேயை இறக்கினான். 34,000க்கும் மேற்பட்டவர்களில் பாதிப்பேருக்கு ஆறு மாதம்வரை மீனெண்ணெய், மறுபாதிக்கு அது தெரியாமல் சோள எண்ணெய். கொரோனா வந்ததிலோ கடுமையானதிலோ இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை. 2022இல் வெளிவந்த முடிவு.

ஹாஜியார் தாடியைத் தடவியபடி யோசித்தார்.

"அப்ப சோள எண்ணெயும் மீனெண்ணெய் மாதிரியே வேல செஞ்சிரிக்கி. அது என்ன கொம்பனி, மருமகன்? கட்டாருல எடுக்கேலுமா?"