வெளியே வந்தால் போதாதா?

கேள்வி: ஆளை அழிக்கும் மதக்குழுவிலிருந்து தப்பி வந்தவருக்கு மனநலச் சிகிச்சை எதற்கு? வெளியே வந்ததே விடுதலைதானே?

பதில்: குருவை விட்டு நீங்கள் வந்துவிடலாம், குரு உங்களை விட்டுப் போகவேண்டுமே! வாடகை தராமல் மண்டைக்குள் குடியிருப்பவர், லேசில் காலி செய்யமாட்டார்.

1978 நவம்பரில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஒரு மதக்குழுவைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க உளவியலாளர் மார்கரெட் சிங்கர், பல குழுக்களிலிருந்து வெளியேறியவர்களோடு பேசியறிந்ததை எழுதினார். வெளியே வந்த அவர்கள் சின்ன முடிவெடுக்கவும் திணறினார்கள். திடீரென்று, குழுவில் பழகிய மயக்கநிலைக்குள் வழுக்கி விழுந்தார்கள். வாழ்க்கை ஓரளவு சீராகவே பலருக்கு 6 முதல் 18 மாதம் பிடித்தது. அத்தனை நாளும் இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்கச் சொல்வது கொடுமை.

நல்ல சிகிச்சை, கதையைக் கிளறுவதில் தொடங்காது. முதலில் பயமில்லாத இடம், தூக்கம். துக்கத்தைப் பேசுவது பிறகு. மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வகுத்த வரிசையும் இதுதான். முக்கியமாக, சிகிச்சையாளரை எதிர்த்துக் கேள்வி கேட்க முடியவேண்டும். முடியாவிட்டால் அவர் இரண்டாவது குரு, எழுந்து வந்துவிடுங்கள்.

உறவினர்களே, “படிச்ச பிள்ளை, எப்படி ஏமாந்தே?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.