ஓசிக்கு மூவாயிரம்

வாங்கு கண்ணு, தாராளமா வாங்கு. மூணு காத்தாடி, ஓரமெல்லாம் கலர் கலரா வெளக்கு, டப்பா மேல கொட்டை எழுத்துல 'ஓசி எடிஷன்'. ஓசின்னா ஓவர்கிளாக், கம்பெனிக்காரனே வேகத்தை ஏத்தி விட்டதாம். சாதாக் கிராஃபிக்ஸ் கார்டை விட மூவாயிரந்தான எச்சா கேக்கறான்? உங்கொப்பன் தறி ஓட்டுன காசு, அது கெடக்குது. கடைக்காரன் உன்னையப் பாத்து "தம்பி வெவரமான ஆளு"ன்னு சொன்னானாமே. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, சோலி முடிஞ்சுதுன்னு.

சித்த இரு. ஆர்டிஎக்ஸ் 4060 தான வாங்கப் போறே? 2023-ல வந்துது. சிப்பு போடற என்விடியாக்காரன் அதுக்குச் சொன்ன பூஸ்ட் வேகம் 2460 மெகாஹெர்ட்ஸ். அந்த சிப்பை வெச்சுக் கார்டு கட்டற கிகாபைட்காரன் 'விண்ட்ஃபோர்ஸ் ஓசி'ன்னு ஒண்ணு போட்டானே, அதுல எவ்வளவு? 2475. கழிச்சுப் பாரு சாமி, காலேசுக்குப் போனவன் நீதான. 15! நூத்துக்கு ஒண்ணு கூட வல்லியே. செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடற கேமுல அது அரை ஃபிரேம் கூட இல்ல. அந்த அரை ஃபிரேம்லதான் எதிராளி தெனமும் உன்னையச் சுட்டுப் போடறானாக்கும்.

என்னடா முழிக்கறே? அப்பாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? சோத்துக்கு உக்காந்தா நீ வேற என்னத்தப் பேசறே?

"ஏனுங் அப்பாரு, எம்எஸ்ஐ கேமிங் எக்ஸ்ல 2595 ஆச்சுங்களே"ம்பே. ஆமா, காயிதத்துல நூத்துக்கு அஞ்சு எச்சா இருக்குது. ஓட்டிப் பாத்தா ஒண்ணோ ரெண்டோதான் தேறும். டப்பா மேல இருக்கற நம்பரைக் கார்டே மதிக்கறதில்ல கண்ணு. 2012-ல ஜிடிஎக்ஸ் 680 வந்தப்ப, அதோட ஜிபியூ பூஸ்ட்டுன்னு ஒண்ணைக் கொண்டாந்தாங்க. அதுலருந்து கார்டு தானாவே சூட்டைப் பாத்துக்குது, இழுக்கற வாட்டைப் பாத்துக்குது, வோல்டேஜைப் பாத்துக்குது. எடம் இருக்கற மட்டும் ஏறிக்குது. சாதா 4060-யே கேமுக்குள்ள 2700-ஐத் தாண்டித்தான் ஓடும். ஓசிக்காரனும் போய் அங்கதான் பக்கத்துல நிப்பான். நானும் கோயமுத்தூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டுனவன்தான். நேம் பிளேட்டுல அஞ்சு எச்பின்னு அடிச்சிருந்தாலும், கெணத்துல எத்தனை தண்ணி, லைன்ல எத்தனை கரண்ட்டுன்னு பாத்துத்தான மோட்டாரு எறைக்கும்? பிளேட்டைப் பளபளன்னு தொடச்சு வெச்சா ஒரு கொடம் எச்சா வந்துருமா?

பொய் சொல்லப்படாது, ஒரு காலத்துல ஓசிக்கு மருவாதி இருந்துச்சு. 2010-ல வந்த ஜிடிஎக்ஸ் 460-க்கு என்விடியா வெச்ச வேகம் 675 மெகாஹெர்ட்ஸ். ஈவிஜிஏக்காரன் அதே சிப்பை 850-க்கு ஏத்தி விட்டு 'எஃப்டிடபிள்யூ'ன்னு பேரு வெச்சு வித்தான். நூத்துக்கு இருவத்தஞ்சு! அதுக்குக் காசு குடுத்தவன் ஏமாளி இல்ல. இப்ப சிப்புக்குள்ள இருக்கற மிச்சம் மீதியப் பூஸ்ட்டே வழிச்சு எடுத்துப்போடுது. அந்த ஈவிஜிஏவே 2022-ல கார்டு யாவாரம் போதும்டா சாமின்னு கும்புடு போட்டுட்டுப் போயிட்டான்.

மிச்சம் இருக்கறவங்க அடிச்ச கூத்தைக் கேளு. 2016-ல, ஜிடிஎக்ஸ் 1080 சமயத்துல, எம்எஸ்ஐயும் அசுஸும் சோதிச்சு எழுதறவங்களுக்கு அனுப்புன கார்டு, கடைக்கு வந்ததை விடத் துளி வேகமா செட் பண்ணியிருந்துச்சு. டெக்பவர்அப்புங்கற வெப்சைட்டுக்காரங்க கையும் களவுமாப் புடிச்சாங்க. அந்தத் துளியக் காட்டறதுக்கே கம்பெனிக்காரனுக்கு இத்தனை பாடு. நீ அதை வெறுங்கண்ணுல பாத்துப்போடுவியாக்கும்!

ஏத்தித்தான் ஆகோணும்னு கை அரிச்சா, ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாப்ட்வேர் இருக்குது. சல்லிக்காசு வேண்டாம். பேருல எம்எஸ்ஐ இருந்தாலும் எந்தக் கம்பெனிக் கார்டுக்கும் ஒத்துக்கும். கோர் கிளாக்கை 15 என்ன, 100 தள்ளிப் பாரு. திரையில புள்ளி புள்ளியா வந்தாலோ, கேமு பட்டுனு மூடிக்கிட்டு வெளிய வந்தாலோ கொஞ்சம் கொறச்சுக்கோ. அம்புட்டுத்தான் வித்தை. மெமரியையும் தொட்டுப் பாக்கலாம். முக்காவாசி ஓசிக் கார்டுல அதைக் கம்பெனிக்காரன் தொடறதே இல்ல, டப்பா மேலயும் அதைச் சொல்றதில்ல.

அந்த மூவாயிரத்துல உருப்படியா ஒண்ணு இருக்குது. கடைக்காரன் அதை மட்டும் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். ஹீட்சிங்க் பெருசு, அதனால காத்தாடி மெதுவாச் சுத்தும், சத்தம் அடங்கும். சத்தம் ஆகாதவன் அதுக்குக் காசு குடுக்கலாம். ஆனா உன்ற ரூம்பு எங்க இருக்குது? தறிக் குடோனுக்கு மேல! கீழ ராப்பகலா சடக்கு சடக்குன்னு தறி ஓடறப்ப, மேல காத்தாடி மெதுவாச் சுத்துனா என்ன, வேகமாச் சுத்துனா என்ன? 4060 இழுக்கறதே 115 வாட்டு; ரெண்டு காத்தாடியே தாராளம். 450 வாட்டு இழுக்கற 4090 வாங்கறேன்னு சொல்லு, மூணு காத்தாடி எடுறான்னு நானே வந்து கடையில நிக்கறேன். அதுவும் போக, அத்தா நீளக் கார்டு உன்ற கேபினெட்டுக்குள்ள நொழையுமான்னு டேப்பு வெச்சு அளந்தியா? இல்ல, தகரத்தை வெட்டற கத்திரி எங்கொட்டத்தான் கேட்டு வருவியா?

இன்னொண்ணு. எச்சாக் குடுக்கற காசைச் சாதாக் கார்டு வெலையோட கூட்டிப் பாரு. 4060 டிஐ வெலைக்குக் கிட்டத்துல வந்து நின்னுச்சுன்னா, ஓசிய விட்டுப்போட்டு அதை வாங்கு. அதுல சிப்பே வேற.

இத்தனைக்கும் நடுவுல, உன்ற மானிட்டருக்குப் பொறத்தால ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை நேத்துத் தூசி தொடைக்கறப்பப் பாத்தேன். உங்க சித்தப்பன் ஆபீசுல கழிச்சுப் போட்டது, 60 ஹெர்ட்ஸ். கார்டு செகண்டுக்கு எத்தனை ஃபிரேமை அள்ளிக் கொட்டுனாலும் அது 60 தடவைக்கு மேல படத்தை மாத்தாது. இதை மட்டும் கடைக்காரன்கிட்ட சொல்லிப்போடாத. மானிட்டரையும் சேத்துக் கட்டிக் குடுத்துருவான்.