பேச்சுத்திறன் நூறு

2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ விளையாட்டின் கதை 2281-இல் நடக்கிறது. அணுப்போரில் உலகமே நாசமான பிறகும் ஆட்கள் அடித்துக்கொள்வது கொலராடோ ஆற்றின் ஹூவர் அணைக்காகத்தான். தஞ்சாவூர்ப் பையன்களிடம் போய் இதை அறிவியல் புனைகதை என்று விற்கிறார்கள்!

இங்கே காவிரி நடுவர் மன்றம் அமைந்தது 1990-இல். இறுதித் தீர்ப்பு வந்தது 2007-இல். தமிழகத்துக்கு விட வேண்டிய தண்ணீர் 177.25 டிஎம்சி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-இல். இன்றும் அணை திறக்கும் நாளான ஜூன் 12 நெருங்கினால், குறுவைக்காரர் விதைநெல்லை ஊறப்போடலாமா என்று மேட்டூர் நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். முளைகட்டிய நெல் வாய்தா கேட்காது.

விளையாட்டிலோ, பேச்சுத்திறன் 100 புள்ளி இருந்தால், அணையைப் பிடிக்க வந்த படைத்தலைவனைப் பேசியே திருப்பி அனுப்பிவிடலாம். புனைகதை என்றால் அந்த ஓர் இடம்தான்.