நாலு மேசைக்கு ஆறு சர்வர்

பெங்களூரு தர்ஷினியில் காசு கட்டி, டோக்கனை நீட்டி, தோசையை நாமே வாங்கி நின்றபடி தின்கிறோம். நமக்கும் அடுப்புக்கும் நடுவே ஆள் இல்லை. மாவள்ளி டிபன் ரூமில் உட்கார்ந்தால் நடுவே சர்வர் வருவார். ஈரடுக்கு, மூவடுக்கு மென்பொருள் பேதம் ஏறக்குறைய இவ்வளவுதான். இந்த ஊர்க் கணக்கு மென்பொருளான டேலியில், கடையின் நாலு கணினியும் ஒரே தரவுக் கோப்புறையை நேரே திறப்பது சகஜம். 1992இல் ஜெர்மனியிலிருந்து வந்த எஸ்ஏபி ஆர்/3 என்ற நிறுவன மென்பொருள் நடுவே ஒரு சர்வரை நிறுத்தியது. ஆயிரம் பேர் ஒரேயடியாக டேட்டாபேஸிடம் டோக்கன் நீட்டினால் அடுப்பே அணைந்துபோகும்; அந்த மட்டில் நியாயம்தான்.

விதி மாறினால் நடு அடுக்கை மட்டும் தொட்டால் போதுமே என்பார்கள். கணக்கிடும் முறை மட்டும் மாறினால் சரி. ஆனால் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்து, ஒரே பில்லில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரிந்ததே! திரையில் புதுப் பெட்டி, நடுவில் புதுக் கணக்கு, டேட்டாபேஸில் புதுப் பத்தி. மூன்று அடுக்குக்கும் மூன்று குழு, மூன்று மீட்டிங். பெரிய ஆலைக்கு அது தாங்கும். ஐந்து பேர் வேலை பார்க்கும் சிக்பேட்டைத் துணிக்கடைக்கும் அதே மூவடுக்கை விற்கிறார்களே, அங்கேதான் நாலு மேசைக்கு ஆறு சர்வர், அவர்களை மேய்க்க மாதச் சம்பளத்தில் ஒரு மேனேஜர்.