ஆமைக்கு மஞ்சள் பத்து போடலாமா?

மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து ஒரு மண்டிக்காரர்: முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த எங்கள் சுல்காட்டா ஆமையைத் தெருநாய் கவ்விவிட்டது. ஓட்டின் ஓரம் பெயர்ந்திருக்கிறது, பின்னங்காலில் பல் பதிந்து ரத்தம் வருகிறது. மண்டியில் முதல் தர மஞ்சள் மூட்டை மூட்டையாக இருக்கிறது. பத்து போட்டுவிடட்டுமா?

நல்லவேளை, நீங்கள் மிளகாய் மண்டி வைத்திருக்கவில்லை. மஞ்சளைத் தொடாதீர்கள். தூள் காயத்தில் அப்பிக் காய்ந்துவிட்டால், பல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரியாது. மூட்டைத் தூசியும் கிருமியும் இலவச இணைப்பு. காபித்தூள், சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான்.

முதலில் சுத்தமான துணியை வைத்து ஐந்து, பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா நின்றதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் நின்றதும் மருந்துக் கடையில் நார்மல் சலைன் வாங்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் பீய்ச்சி, மண்ணும் நாயின் எச்சிலும் போகக் கழுவுங்கள். பிறகு பொவிடோன் அயோடின். அதையும் பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்ற வேண்டாம். தண்ணீர் சேர்த்து வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் ஊர் கட்டன் சாயா நிறத்தில் இருந்தால் இன்னும் தண்ணீர் விட வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நல்ல சதையையும் சேர்த்துப் பொசுக்கிவிடும்.

ஓட்டில் விரிசல் விழுந்து, ஆமை மூச்சு விடும்போது அதில் குமிழி வந்தால் மட்டும் கழுவவே கூடாது. ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. காஸ் துணியால் மூடிவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.

டாக்டரிடம் போகும்வரை படுக்கை, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வெள்ளைத் துண்டு. வெள்ளை என்றால் ரத்தம் கசிவது உடனே தெரியும். மண், வைக்கோல், குளியல் எதுவும் வேண்டாம். ஏ.சி. அறையும் கூடாது, 28 முதல் 30 டிகிரி சூடு இருக்கட்டும். உடம்பு குளிர்ந்தால் ஆமையின் நோய் எதிர்ப்பும் சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். எல்லா டாக்டரும் ஆமை பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கொச்சியில் ஆள் கிடைக்காவிட்டால் திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புறப்படுமுன் ஆமையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. உங்களிடம் தராசுக்கா பஞ்சம்! மூட்டைக்குக் கழிவு போடும் பழக்கத்தை மட்டும் இங்கே காட்ட வேண்டாம்.

அதே மண்டிக்காரர், பின்குறிப்பாக: நாய் கடித்த ஆமைக்கு வெறிநாய்த் தடுப்பூசி உண்டா?

ஆமைக்கு வேண்டாம். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய். நீங்கள் பாலூட்டி. ஆமையைப் பிடுங்கப் போன கையில் நாயின் பல் பட்டிருந்தாலோ, கையிலிருந்த வெட்டுக்காயத்தில் எச்சில் பட்டிருந்தாலோ, 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். ஆமை காத்திருக்காதே என்று உங்கள் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஓடு என்பது நகம் மாதிரிதானே? எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் என்ன? (சேர்லாய் வாசகர்)

குழாய் ஒழுகினால் அடையுங்கள். ஓட்டின் மேல்பூச்சு மட்டும்தான் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். அதற்குக் கீழே இருப்பது உயிருள்ள எலும்பு, முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாகச் சேர்ந்தது. ரத்தம் ஓடும், வலிக்கும். புதுக் காயத்தைப் பசை போட்டு மூடினால் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்தது போலத்தான்.

கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் அத்வைதா என்ற அல்டாப்ரா ஆமை இருந்தது. சுமார் 250 கிலோ. ராபர்ட் கிளைவ் வளர்த்தது என்பார்கள். அதன் ஓட்டில் விரிசல் விட்டு, அடியில் சதையில் புண் வந்தது. 2006 மார்ச்சில் இறந்தது. கல்லீரல் செயலிழந்தது என்றார்கள். அத்தனை பெரிய ஓட்டுக்குள்ளும் புண் நுழைய ஒரு விரிசல் போதுமாக இருந்தது.

கடித்து நாலு நாளாகிறது. சீழே இல்லை. ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (மட்டாஞ்சேரி வாசகி)

கூடாது. ஆமைக்குச் சீழ் ஒழுகாது, கெட்டிப்பட்டு உருண்டையாக உள்ளேயே தங்கிவிடும். தானாக வடியாது, டாக்டர் கீறித்தான் எடுக்க வேண்டும். காயம் இருந்த இடத்தைத் தினமும் விரலால் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி வீக்கம் தட்டினால் கிளம்பிவிடுங்கள். மழைக்காலத்தில் ஈக்களிடமும் எச்சரிக்கை. முட்டையிட்டால் சீக்கிரமே புழு நெளியும். காயம் ஆறும்வரை கொசுவலைக்குள் வைத்திருங்கள்.

எங்கள் நாய்க்கு உண்ணிக்காக வாங்கிய ஐவர்மெக்டின் மிச்சம் இருக்கிறது. புழுவுக்கு அதையே ஆமைக்கும் போடலாமா?

போடாதீர்கள். ஆமைக்கு அது விஷம். கால் தளர்ந்து, தலை தொங்கி, மூச்சு நின்று சாகும். புழுவை இடுக்கியால் எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். இந்தப் பகுதியில் ஒரே ஒரு வரியைக் கத்தரித்து வைப்பதானால் ‘ஆமைக்கு ஐவர்மெக்டின் விஷம்’ என்பதை வையுங்கள்.

ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாதாமே? எங்கள் நட்சத்திர ஆமையை எலி கடித்ததற்கு அதுதான் காரணமோ? (ஃபோர்ட் கொச்சி, வெளி வாசகி)

எலி கடித்ததற்குக் காரணம் எலி. ராத்திரி ஆமையைக் கம்பிவலைக்குள் வைக்காதது இரண்டாவது காரணம். ஆனால் பழமொழியின் பின்பாதி உங்கள் விஷயத்தில் பலிக்கக்கூடும் அம்மா. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை; அபராதம் 25,000 ரூபாயிலிருந்து ஆரம்பம். கோர்ட் அமீனாவுக்குப் பதில் வனத்துறை வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் வருமுன் நீங்களே சொல்லி ஒப்படைத்துவிடுங்கள், சிகிச்சையும் அங்கே நடக்கும். பயந்துபோய் எங்காவது புதரில் விட்டுவிடாதீர்கள். அது வறண்ட காட்டுப் பிராணி. கேரளத்தில் அதற்கு ஏற்ற இடம் சின்னார் பக்கம்தான்; அங்கே விடுவதும் வனத்துறையின் வேலை.

மஞ்சள் மண்டிக்காரருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் சுல்காட்டா ஆப்பிரிக்க ஆமை, ஆனாலும் 2024 விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிந்தாயிற்றா?

கொச்சிக்கென்று சொந்த ஆமை கிடையாதா?

உண்டு, பெருமைப்படலாம். பழைய கொச்சி ராஜ்யத்துக் காடுகளில் கிடைத்த சின்ன ஆமையை 1912இல் சென்னை அருங்காட்சியகத்தின் ஹெண்டர்சன் விவரித்தார். அதற்குப் பிறகு எழுபது வருஷம் அது யார் கண்ணிலும் படவில்லை. 1982இல் தேடிப் பிடித்தவர் ஜெ. விஜயா, இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர். இப்போது அந்தப் பேரினத்துக்கே விஜயாகெலிஸ் என்று பெயர். அதுவும் வீட்டுக்கு வரக் கூடாத ஆமைதான்.

கடிபட்ட ஆமை எப்போது பழையபடி ஆகும்? ஊசி போட்டும் அசமந்தமாகவே இருக்கிறதே?

ஆமை எப்போது சுறுசுறுப்பாக இருந்தது? அதன் உடம்பில் மருந்தும் மெதுவாகத்தான் கரையும். சில ஆன்டிபயாட்டிக் ஊசிகளை மூன்று நாளைக்கு ஒரு முறை போட்டால் போதும். டாக்டர் முன்னங்காலில் குத்துவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பின்பாதியில் போட்டால் மருந்து சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்பதால் அப்படி. தீனி எடுக்கிறதா, எடை குறைகிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு. கால் காயம் வாரக்கணக்கில் ஆறும். ஓடு சேர மாதங்கள் பிடிக்கும், சிலவற்றுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். நாயைக் கட்டிப்போடுங்கள்.