மருமவனே, மொதல்ல வாசிச்சுப் படி

மருமவனே, எம்.எல்.ஏ. ஆகணும்னா எங்கிட்ட ரோசன கேக்கணும்னு ஒனக்குத் தோணிச்சே, அங்கயே பாதி ஜெயிச்சாச்சு. சாலைக் கடைத்தெருவுல மொளகா மூட்டக் கணக்கு எழுதுன கெழவனுக்கு கேரள நியமசபையப் பத்தி என்ன தெரியும்னு நீ கேக்கல பாரு, அந்த அடக்கம் ஓட்டு எண்ணுத வரைக்கும் போதும்.

எல்லாவனும் ஒன்னத் தொண்டையப் பழக்கச் சொல்லுவான். நான் கண்ணப் பழக்குன்னு சொல்லுகேன். தேவிகுளத்துல ஜெயிச்ச ஏ. ராஜா, 2021 மே 24-ல நம்ம தமிழ்லயே பதவிப் பிரமாணம் எடுத்தாரு. நீலகிரி ராஜா இல்ல, இவரு வேற. காது குளுந்து போச்சு எனக்கு. குடுத்த காயிதத்த அப்படியே வாசிச்சாரு, பாவம். கடவுள் பேரால ஆணைன்னு சொல்லணும், இல்லன்னா உளமார உறுதின்னு சொல்லணும்லா? மொழிபெயர்த்த காயிதத்துல ரெண்டுமே இல்ல. ஜூன் 2-ல திரும்பவும் பிரமாணம். நடுவுல சபையில உக்காந்த அஞ்சு நாளைக்கு, நாளொண்ணுக்கு 500 வச்சு 2,500 ரூவா அபராதம். அரசியல் சட்டம் 193-ஆம் பிரிவுல இருக்கு, போய்ப் பாரு.

அதோட விட்டுச்சா? தேவிகுளம் தனித்தொகுதி. அங்க நிக்க இவருக்குத் தகுதி இல்லன்னு 2023 மார்ச்சுல ஹைகோர்ட்டு தேர்தலையே ரத்து பண்ணிச்சு. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. சபைக்குப் போலாம், ஓட்டுப் போடப்படாது, படி கெடையாதுன்னு தற்காலிகமா ஒரு உத்தரவு. பந்தியில உக்காரச் சொல்லிட்டு எல போடாத கத. 2025 மே மாசந்தான் ஜெயிச்சது செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு.

பாலா தொகுதி கே.எம். மாணி பாடு இன்னும் விசேசம். 1965-ல மொதத் தடவையா ஜெயிச்சாரு. யாருக்கும் பெரும்பான்மை இல்ல, சபையே கூடல. ஜெயிச்சும் உக்கார எடமில்ல! மனுசன் அசரல. பொறவு 2019-ல சாவுத வரைக்கும் பாலாவுல தோக்கல. நிதி மந்திரியா வாசிச்ச பட்ஜெட்டு மட்டும் 13. கடைசிப் பட்ஜெட்டு 2015 மார்ச் 13-ல. எதிர்க்கட்சிக்காரங்க சபாநாயகர் நாக்காலியத் தூக்கி மேடைக்குக் கீழ எறிஞ்சாங்க, இவரு அந்தக் களேபரத்துலயே வாசிச்சாரு. அந்தக் களேபரத்துக்குப் போட்ட வழக்குல பேரு சேந்த வி. சிவன்குட்டி 2021-ல பள்ளிக்கூடக் கல்வி மந்திரி ஆனாரு. பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வரும்னு நானும் நம்புனேன்.

ஆனா நீ உத்துப் பாக்க வேண்டிய ஆளு உம்மன் சாண்டி. 26 வயசுல, 1970-ல புதுப்பள்ளியில ஜெயிச்சாரு. 2023 ஜூலையில கண்ண மூடுத வரைக்கும் அதே தொகுதிதான். ரெண்டு தடவ முதலமைச்சர். இங்க திருவனந்தபுரம் ஜகதியில இருந்த வீட்டுக்கும் புதுப்பள்ளின்னே பேரு. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா மனு வாங்க ஊருல இருப்பாரு. சட்டை கசங்கி, தல கலஞ்சு, சுத்தி நூறு பேரு. கலியாணம், சாவு, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாத்துக்கும் அவரேதான். சபையில கையத் தூக்குதது இந்த வேலையில சின்னக் கொசுறு, பாத்துக்கிடு.

நீ ஞாயித்துக்கெழம மத்தியானம் மீன்கொழம்பு ஊத்திச் சாப்பிட்டா அஞ்சு மணிக்கு முந்தி எந்திரிக்க மாட்ட. பேசாம பி.எஸ்.சி. பரீட்ச எழுது மருமவனே. விண்ணப்பத்த மட்டும் ரெண்டு தடவ வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு.