கடைசியாகத் தொட்டது யார்?

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினியில் நேற்று மாலை திறந்து படித்த வினாத்தாள், 'அண்மைக் கோப்புகள்' பட்டியலில் அடியில் கிடக்கிறது. போன வாரம் திருத்திய மதிய உணவுக் கணக்கோ உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. கணினிக்குப் பாடத்தைவிடச் சோறுதான் பிடிக்குமோ?
(ஓர் ஆசிரியை, சுள்ளிக்கல், கொச்சி)

பதில்: சோறு யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் தகராறு நாக்கில் இல்லை டீச்சர், கடிகாரத்தில். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நேரங்களைக் குறித்து வைக்கின்றன: உள்ளே இருப்பது மாறிய நேரம், கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம், அனுமதி முதலான விவரங்கள் மாறிய நேரம். வினாத்தாளை நீங்கள் படித்தீர்கள், ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆகவே முதல் கடிகாரம் அசையவில்லை. உங்கள் பட்டியல் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அடுக்குகிறது போலும். அப்படியானால் மதிய உணவு முந்துவது நியாயமே.

'சரி, படித்த நேரத்தை வைத்து அடுக்கட்டுமே' என்பீர்கள். அந்தக் கடிகாரத்தை நம்ப முடியாது. கோப்பை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வட்டில் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருப்பது வீண் வேலை என்று 2009-இல் லினக்ஸ் 2.6.30 அதைச் சுருக்கிவிட்டது. திருத்தத்துக்குப் பின் ஒருமுறை குறித்தாகிவிட்டால், 24 மணி நேரம் கழியும்வரை பொதுவாக மறுபடி குறிக்காது. விண்டோஸ் விஸ்டாவோ அந்தக் குறிப்பை இயல்பாகவே நிறுத்தி வைத்தது. இன்னொரு வில்லங்கம்: கோப்பைப் படிப்பவர் நீங்கள் மட்டுமல்ல. நகலெடுக்கும் நிரலும் படிக்கிறது, தேடல் நிரலும் படிக்கிறது, சின்னப் படம் காட்டும் நிரலும் படிக்கிறது. யார் தொட்டார்கள் என்பது அந்த நேரத்தில் எழுதியிருக்காது.

நம்பத்தக்கது நான்காவது ஒன்று, கோப்புக்கு வெளியே இருப்பது. கேரளப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் தரும் குனு லினக்ஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. அந்த வகைக் கணினிகளில் உங்கள் கணக்கின் மறைந்த கோப்புறை ஒன்றில் ஒரு பதிவேடு இருக்கும். எந்தக் கோப்பு எப்போது சேர்ந்தது, எப்போது கடைசியாகத் திறக்கப்பட்டது, எந்த நிரல் திறந்தது, எத்தனை முறை என்று அதில் வரிசையாக இருக்கும். நீங்கள் திறக்கும்போது அந்த நிரலே எழுதிவைப்பது அது. மட்டாஞ்சேரிக் கடைக்காரர் நடந்ததை நடந்த வரிசையில் நாளேட்டில் எழுதுவார், ஆள்வாரியாகப் பேரேட்டில் பிரிப்பார். கோப்புறை உங்கள் பேரேடு. அண்மைப் பட்டியல் நாளேடாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. உங்கள் செயலின் நேரம்தான் அங்கே கணக்கு. கோப்பின் வயது அல்ல.

கேள்வி: அடிக்கடி திறப்பதை மேலே வைத்தால் இன்னும் வசதியாயிற்றே?
(தோப்பும்படி வாசகர்)

பதில்: கேட்க நன்றாயிருக்கிறது. மார்ச்சில் நாற்பது முறை திறந்த தேர்வுப் பட்டியல், ஜூனில் பள்ளி திறந்த பிறகும் நாட்டாமை செய்யும். புதிதாக வந்த கோப்பு நாற்பத்தோராவது முறைவரை காத்திருக்கும். தினமும் திறப்பது தானாகவே மேலே இருக்கும், அதற்குத் தனிச் சலுகை எதற்கு? 'கடைசியாக எடுத்ததை முன்னால் வை' என்ற விதியை 1985-இல் கணினி அறிஞர்கள் ஸ்லேட்டரும் டார்ஜனும் ஆராய்ந்தார்கள். வருங்காலம் முழுதும் தெரிந்த ஜோசியரே அடுக்கினாலும், அவர் பட்டியலில் தேடும் வேலையைப்போல ஏறத்தாழ இரு மடங்குக்கு மேல் நமக்கு ஆகாது என்று நிறுவினார்கள். ஜோசியருக்குத் தட்சிணை மிச்சம். ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன்: ஒன்றைத் திறந்ததும் மற்றவை இடம் மாறும், கைப்பழக்கம் ஏமாறும். இடம் மாறவே கூடாதவற்றை 'பின்' (pin) செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பொதுக் கணினியில் இந்தப் பட்டியல் என்னை அடுத்தவரிடம் காட்டிக்கொடுக்கிறதே! குழப்பியே அடுக்கினால் நல்லதல்லவா?
(மட்டாஞ்சேரி வாசகர்)

பதில்: குழப்பினால் உங்களுக்குத்தான் தொல்லை, எட்டிப்பார்ப்பவர் பத்து வரியையும் நிதானமாகவே படிப்பார். ஆளுக்கொரு கணக்கு வைப்பதும், அமைப்புகளில் கோப்பு வரலாற்றை நிறுத்துவதும்தான் மருந்து. பட்டியலைத் துடைத்தால் பெயர்தான் போகும். நீங்கள் இறக்கிய ஆதார் நகல் பதிவிறக்கக் கோப்புறையில் அப்படியே இருக்கும். முதலில் அதை அழியுங்கள், பிறகு குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.